மானிட்டரில் கோடு ஓடுகிறது, நாடி இல்லையே?

கேள்வி: அவசர சிகிச்சை டெக்னீஷியன் படிப்பில் முதலாம் ஆண்டு மாணவன் நான். ஆம்புலன்ஸ் பயிற்சியின்போது நினைவிழந்த ஒருவருக்கு மானிட்டர் 60 என்று காட்டியது. சீனியரோ கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார். துடிக்கிற இதயத்தை ஏன் அழுத்த வேண்டும்?

பதில்: சீனியர் செய்தது சரி. மானிட்டர் காட்டியது இதயத்தில் ஓடும் மின்சாரத்தை மட்டும்தான்.

வலது மேலறையில் இருக்கும் எஸ்.ஏ. நோடில் மின்தூண்டல் கிளம்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏ.வி. நோடில் சுமார் 0.1 விநாடி தாமதிக்கும். மேலறை இரத்தம் கீழே இறங்கி முடிக்க அந்த அவகாசம். அப்புறம் கீழறைத் தசையில் பரவும். மானிட்டரில் கோடாக ஓடும் ஈசிஜி பிடிப்பது இவ்வளவுதான். தசை சுருங்கியதா, தள்ளுவதற்கு உள்ளே இரத்தம் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. இயல்பாக ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி வெளியேற வேண்டும். விபத்தில் இரத்தம் ஏராளமாகப் போயிருந்தால் மோட்டார் ஓடும், கிணற்றில் தண்ணீர் இருக்காது. மின்சாரம் ஒழுங்காக இருப்பதால் ஷாக் கொடுத்தும் பயனில்லை.

எல்லாத் துடிப்பும் நாடியாக வருவதற்கும் எதுவுமே வராததற்கும் நடுவில் ஒரு நிலை உண்டு, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன். இதில் மேலறையின் மின்தூண்டல் ஒழுங்கிழந்து, கீழறை தாறுமாறாகத் துடிக்கும். ஒரு துடிப்பு சீக்கிரமே வந்துவிட்டால் அறை நிரம்ப நேரமிருக்காது; அரைகுறையாக நிரம்பிய துடிப்பு மணிக்கட்டுவரை எட்டாது. மானிட்டரில் 140, கையில் 110 என்று வரும். இரண்டும் சரிதான், இரண்டையும் எழுதுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது, முழு நிமிடம் எண்ண வேண்டும். மானிட்டரைப் பார்த்தே நாடிக் கட்டத்தை நிரப்பும் கேஸ் ஷீட்டுகள் தினமும் என் மேசைக்கு வருகின்றன.

‘பத்து நாளில் ஈசிஜி’ என்று நோட்ஸ் விற்கும் கோச்சிங் ஆட்கள் கோட்டின் வடிவத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள், கழுத்தில் விரல் வைக்கச் சொல்லித்தர மாட்டார்கள். துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-இல் தேசிய ஆணையச் சட்டமே வந்தது. வந்து என்ன? மாடியில் இரண்டு அறையும் வாசலில் ஒரு போர்டும் இருந்தால் இன்னும் ‘இன்ஸ்டிடியூட்’ நடக்கிறது. அங்கேயே ஒரு தரகர் உட்கார்ந்து, 108-இல் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கழுத்து நாடியை 10 விநாடிக்கு மேல் தேட வேண்டாம். ஆளுக்கு நினைவும் சரியான மூச்சும் இல்லை, நாடியும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள். மானிட்டரை அப்புறம் பார்க்கலாம்.