வயிறு உப்புறத விடுங்கம்மா, ரத்தம் எங்க போகுதுன்னு பார்க்கணும்

வரகும் பார்லியும் ராஜ்மாவும் காய்கறியும் போட்டு நீங்க வைக்கிற அந்த கெட்டிக் குழம்பால கேன்சர் வராதும்மா. அத முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா வயிறு உப்புது, இந்தக் குழம்புதான் காரணமான்னு கேட்ட அவ்ளோ நீளக் கடிதத்துல அந்த வார்த்தைய நீங்க எங்கயும் எழுதல, ஆனா அப்பா குடல் நோய்ல போனாருன்னு ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க.

உப்புசம், கேஸ், அடிக்கடி மோஷன் எல்லாம் வெள்ளரிசி சாப்பிட்டுட்டு இருந்தவங்க திடீர்னு ரெண்டு வேளையும் முழு தானியத்துக்கு மாறினா வர்றதுதான். பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியா அந்த நார்ச்சத்த புளிக்க வெச்சு கேஸ் ஆக்குது, அவ்ளோதான். அளவ குறைச்சு மெதுவா ஏத்துங்க. லெக்டின்ங்கற, பயறு தானியத்துல இருக்குற புரதத்தப் பத்தின வீடியோ பார்த்து வரகைக்கூட பயந்து ஒதுக்க வேணாம், கவனம் வேண்டியது ராஜ்மாவுல. ராத்திரி ஊற வெச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில 10 நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க விட்டு அப்புறம் நல்லா வேக வைங்க. நீங்க பண்ற மாதிரி ஊறின ராஜ்மாவ அப்படியே ஸ்லோ குக்கர்ல போட்டா லெக்டின அழிக்க அந்த சூடு பத்தாது, வாந்தி பேதி வரலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடைசி வரில போற போக்குல எழுதியிருக்கீங்க, மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஹீமோகுளோபின் 8.6, மெடிக்கல்ஸ்ல அயர்ன் மாத்திரை வாங்கிப் போடுறேன்னு. 8.6-ன்னா ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. வயசு 56, பீரியட்ஸ் நின்னு நாலு வருஷம். மாசாமாசம் ரத்தம் போறதில்லன்னா அப்புறம் எங்கம்மா போகுது? தானியத்துல இருக்குற பைட்டிக் ஆசிட் இரும்புச்சத்த உறிஞ்சுறத கொஞ்சம் குறைக்கும்தான், ஆனா சமீபத்துல மாத்தின சாப்பாட்டு மேல இந்த 8.6-அ போட்டுட்டு நான் சும்மா இருக்க மாட்டேன். காரணம் தெரியாம மாத்திரை போடுறது ஓட்டைத் தொட்டில தண்ணி ஊத்துற மாதிரி. முட்டி வலிக்கு தினமும் டைக்ளோஃபெனாக் வேற, யாரு எழுதிக் குடுத்தது? அது வயித்துல புண்ணாக்கி சத்தமில்லாம ரத்தம் கசிய வைக்கும், இன்னிக்கே நிறுத்துங்க.

கோதுமை ஆகலயோன்னு நீங்களா சப்பாத்திய நிறுத்தியிருக்கீங்க, ஆனா குழம்புல போடுற பார்லிலயும் கோதுமைல இருக்குற மாதிரியே குளூட்டன்ங்கற புரதம் இருக்கே! குளூட்டனால சிறுகுடல் கெடுற சீலியாக் நோய் இருந்தாலும் இரும்புச்சத்து குறையும், அதுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு, ஆனா குளூட்டன் சாப்பிட்டுட்டு இருந்தாதான் ரிசல்ட்ட நம்ப முடியும். அதனால டெஸ்ட் முடியுற வரைக்கும் சப்பாத்தி சாப்பிடுங்க.

இந்த வாரமே வயிறு, குடல் பார்க்குற ஒரு கேஸ்ட்ரோ டாக்டர பாருங்க. உடம்புல சேமிப்பா இருக்குற இரும்பக் காட்டுற ஃபெரிட்டின் ரத்த டெஸ்ட் பார்த்து இரும்புச்சத்துக் குறைதான்னு உறுதி ஆச்சுன்னா, இந்த வயசுல கேமரா விட்டு மேல வயித்தப் பார்க்குற எண்டோஸ்கோப்பி, கீழ பெருங்குடலப் பார்க்குற கொலோனோஸ்கோப்பி ரெண்டும் தேவைப்படும். அப்பாவுக்கு என்ன நோய், எந்த வயசுல வந்துச்சுங்கறத மறைக்காம சொல்லுங்க. புண்ணு மாதிரி சரி பண்ணக்கூடிய காரணமாவே இருக்கலாம், அப்படியே வேற ஏதாவது இருந்தாலும் ஆரம்பத்துல பிடிச்சா பெரும்பாலும் குணப்படுத்த முடியுது, பயந்துட்டு தள்ளிப் போடுறதுதான் ஆபத்து.

அயர்ன் மாத்திரையால மோஷன் கருப்பாத்தான் போகும், அதுக்கு பதற வேணாம். ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, மூக்க பொத்துற நாத்தத்தோட போனா, இல்ல தலைசுத்தி கண்ணு இருட்டினா, அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அந்த ராத்திரியே கேஷுவாலிட்டிக்கு போயிடுங்க.