இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஏழு வருடமாக ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வேலை நன்றாகத் தெரியும். ஆனால் மீட்டிங்கில் ஒரு யோசனையைச் சொல்லி, யாராவது எதிர்த்துப் பேசிவிட்டால் வாயடைத்துப் போகிறது.

போன மாதம், ஒரு இயந்திரத்தின் பேரிங்கைப் பழுதாகும் முன்பே மாற்றிவிடலாம் என்று சொன்னேன். பதினெட்டு ஸ்லைடுகள் தயார் செய்திருந்தேன். நான்காவது ஸ்லைடிலேயே சக ஊழியர் ஒருவர் "இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று கேட்டார். அவ்வளவுதான், எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதுகூட நினைவில்லை. ராத்திரி படுத்த பிறகு பத்து நல்ல பதில்கள் தோன்றின. மூன்று வாரத்தில் அந்த பேரிங் போய்விட்டது. நான் சொன்னேனே என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் பேச்சில் கெட்டிக்காரர், நான் அப்படி இல்லை. இது பிறவியிலேயே வரவேண்டியதா, கற்றுக்கொள்ள முடியுமா? கூட வேலை செய்பவர்களோடு வாதாடினால் உறவு கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

கற்றுக்கொள்ள முடியும். நான் கற்றுக்கொண்டேன், ரொம்பத் தாமதமாக. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் சக ஊழியர் பேச்சுத் திறமையால் ஜெயித்ததாக நினைக்கிறீர்கள். "இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பதில் என்ன பேச்சுத் திறமை இருக்கிறது? அது அந்த அறையில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. அவர் அதை வாய்விட்டுக் கேட்டார். உங்கள் பதினெட்டு ஸ்லைடுகளில் அந்தக் கேள்விக்கென்று ஒரு ஸ்லைடு இருந்ததா? இருந்திருந்தால் என்ன சொன்னோம் என்பது மறந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

இதே கேள்வியின் முன்னால் உங்களைவிட அனுபவசாலிகள் தோற்றிருக்கிறார்கள். 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். கடும் குளிர். விண்ணோடத்தின் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ரோஜர் போஜலேயும் ஆர்னி தாம்சனும் வேண்டாம் என்கிறார்கள். ராக்கெட்டின் பகுதிகள் சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், குளிரில் விறைத்து அடைக்காமல் போகலாம் என்பது அவர்கள் வாதம். போஜலே ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், உயிரிழப்பு ஏற்படலாம் என்று நிறுவனத்துக்குள் எழுதிக் கொடுத்திருந்தார். தொலைபேசி மாநாட்டில் நாசா தரப்பு கேட்கிறது, அளவு சொல், எண் சொல் என்று. எண் இல்லை, ஆனால் இது நல்ல திசையில் போகவில்லை என்பது தெரியும் என்கிறார் போஜலே.

அதற்கு முன் 24 விண்ணோடப் பயணங்கள் நடந்திருந்தன. எல்லாம் திரும்பி வந்தவை. இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அன்று பேச்சு எங்கே சிக்கிக்கொண்டது என்பதுதான் நமக்கு முக்கியம். வளையத்தைத் தாண்டிப் புகை கசிந்த பயணங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்று மிகக் குளிரான நாளில் நடந்தது, இன்னொன்று வெயில் நாளில். அப்படியானால் குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழுந்தது, விவாதம் அங்கேயே நின்றுவிட்டது. பழுது வந்த பயணங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பழுது வராத பயணங்களையும் சேர்த்து எண்ணியிருந்தால்? பின்னால் விசாரணைக் குழு எண்ணிச் சொன்னது: ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடந்த 4 பயணங்களிலும் வளையத்தில் பாதிப்பு இருந்தது. அதற்கு மேலே நடந்த 20 பயணங்களில் 3-இல் மட்டும். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்தால், ராக்கெட்டைப் பற்றி எதுவும் தெரியாதவருக்குக்கூட வயிற்றைக் கலக்கும்.

பழியை அந்தப் பொறியாளர்கள் மேல் போட இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு இருந்தது சில மணி நேரம். அதோடு, வழக்கமாகப் பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ராக்கெட் கிளம்பும். அன்று ஆபத்தானது என்று இவர்கள் நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. தாம்சன் மேஜையின் மறுமுனையிலிருந்து எழுந்து வந்து நிர்வாகிகள் முன்னால் ஒரு தாளை வைத்து, அந்த இணைப்பை மறுபடி வரைந்து காட்டுகிறார். யாரும் கவனிக்கவில்லை என்று புரிந்ததும் நிறுத்திக்கொள்கிறார். போஜலே புகைப்படங்களை எடுத்துவந்து காட்டிப் பார்க்கிறார், அதுவும் எடுபடவில்லை. முதலில் வேண்டாம் என்றிருந்த நிறுவன நிர்வாகம், கிளம்பலாம் என்று முடிவை மாற்றியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் விண்ணோடம் சிதறியது, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் தாம்சன் வரைவதை நிறுத்திக்கொள்ளும் அந்த நிமிஷத்தை நினைத்து எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 11 அன்று, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அதே ரப்பரின் ஒரு துண்டைச் சின்ன இடுக்கியில் நசுக்கி, ஐஸ் தண்ணீர் தம்ளரில் போட்டு வைத்தார். பிறகு எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. போஜலே சொன்ன அதே விஷயம்தான், ஆனால் இந்த முறை உலகத்துக்கே புரிந்தது.

சரி, உங்கள் பேரிங்குக்கு வருவோம். நீங்கள் பராமரிப்பில் இருப்பவர், எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரியும். தேய்ந்த பேரிங் ஒன்றின் உள்வளையத்தை விரலில் மாட்டி வெளிவளையத்தைச் சுழற்றினால் கரகரவென்று விரலில் உறைக்கும். புதியது எந்த உறுத்தலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். இரண்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய், மேஜையில் வைத்து, "கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்" என்று அந்த சக ஊழியர் கையிலேயே கொடுத்திருக்கலாம். அப்புறம் ஒரே ஒரு தாள். அதே மாடல் இயந்திரங்கள் மொத்தம் எத்தனை, அவற்றில் பேரிங் தேய்வைக் காட்டும் அதிர்வு எல்லை தாண்டியவை எத்தனை, தாண்டாதவை எத்தனை, இந்த இரண்டு வகையிலும் பழுதாகி நின்றவை எத்தனை. எல்லை தாண்டியும் நிற்காமல் ஓடுகிறவை இருக்கும். அவற்றை மறைக்காதீர்கள், முதலில் அவற்றைச் சொல்லுங்கள். உங்கள் தாளில் உங்களுக்கு எதிரான எண்ணும் இருப்பதைப் பார்த்தால்தான் மற்ற எண்களை நம்புவார்கள்.

எதிர்த்தரப்பை நாமே முதலில் சொல்வது இங்கே புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள். பரபக்கம் பிறர் தரப்பு, அதுதான் முதலில் வருகிறது. கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு தரப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தரப்பினர் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் சொல்லி, பிறகுதான் மறுக்கிறார். தன் தரப்பான சுபக்கம் அதற்கெல்லாம் பின்னால்தான். சைவத்தில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட அந்த அமைப்புக்காக அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

அலுவலகத்தில் இதைச் செய்த ஒருவரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எழுத வருவதற்கு முன் ஒரு நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். எங்கள் குழுவில் ஒரு மூத்த அம்மா இருந்தார், சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எதிர்ப்பு வந்தால் பதில் சொல்லமாட்டார். கையில் இருக்கும் பேனாவைக் கீழே வைப்பார். "நீங்கள் பயப்படுவது இதற்குத்தானே? நடுவில் ஆட்கள் போதாமல் போய், பாதியில் நின்று, பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் தவிப்போம் என்று?" எதிரில் இருப்பவர் சொன்னதைவிட நன்றாக அவருடைய பயத்தைச் சொல்லிவிடுவார். "ஆமாம், அதேதான்" என்று அவர் தலையாட்டும்போது தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். அதன் பிறகுதான் அம்மா தன் பதிலைத் தொடங்குவார். "நியாயமான பயம். முதல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்காகத் திட்டத்தையே மாற்றியிருக்கிறேன்" என்று விட்டுக்கொடுக்க வேண்டியதை உடனே விட்டுக்கொடுத்துவிடுவார்.

அதே காலத்தில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கையிருப்புக் கணக்கு வைக்கும் முறையை மாற்றச் சொல்லி 22 ஸ்லைடுகளோடு போனேன். வரலாறு, பிரச்சினை, மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். நிதிப் பிரிவின் தலைவர் ஆறாவது ஸ்லைடில், "இந்தக் காலாண்டில் இதைச் செய்யாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். "அதற்கு வருகிறேன் மேடம்" என்றேன். பதில் 19-ஆவது ஸ்லைடில் இருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தை மூடி, பேனாவை அதன் மேல் வைத்தார். கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, இன்னும் பதினாறு ஸ்லைடுகளை நான் ஓட்டினேன் என்றாலும். என் யோசனையில் தவறில்லை. அவர் முடிவெடுக்க வேண்டிய கேள்வி எது என்று நான் விசாரித்துக்கொண்டு போகவில்லை, அதுதான் தவறு. அன்று முதல் எந்த யோசனையாக இருந்தாலும் முதல் நிமிஷத்தில் மூன்று விஷயம் சொல்லிவிடுவேன்: உங்களிடம் என்ன முடிவு கேட்கிறேன், அதற்கு என்ன செலவு, செய்யாவிட்டால் என்ன ஆகும். மீதி எல்லாம் கேட்டால் சொல்வதற்கு.

விசாரித்துக்கொண்டு போவது என்றேன், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டிங்கில் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு நிலையைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வருவது அவருக்குக் கஷ்டம், மானப் பிரச்சினை ஆகிவிடும். முந்தின நாளே அவர் இருக்கைக்குப் போய், "நாளைக்கு இதைச் சொல்லப்போகிறேன், உங்களுக்கு எங்கே இடிக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறையைத் திருத்திவிட்டு, மீட்டிங்கில் "இதைச் சுட்டிக்காட்டியது இவர்தான்" என்று பெயர் சொல்லுங்கள். உறவு கெடுமோ என்று கேட்டிருந்தீர்களே, என் அனுபவத்தில் உறவைக் கெடுத்தது வாதம் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேர் முன்னால் ஒருவரைத் தப்பு என்று காட்டியதுதான்.

அப்படியும் சிலர் எதைச் சொன்னாலும் மடக்குவார்கள். நியாய சாத்திரக்காரர்கள், அதாவது நம் பழைய தர்க்க நூலார், இதற்கென்றே மூன்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது சல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. விதண்டாவாதம் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். அந்த மாதிரிப் பேச்சு வந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓடி ஓடிப் பதில் சொல்லாதீர்கள். "சரி, இப்போது இருப்பதையே தொடரலாம் என்கிறீர்களா? அதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?" என்று நிதானமாக, உண்மையாகவே பதிலை எதிர்பார்த்துக் கேளுங்கள். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் நியாயம் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கும். போஜலேக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

ஆனால் உங்கள் சக ஊழியரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவர் கேட்டது நேர்மையான கேள்வி.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன், நான் பல வருடம் செய்தது. ராத்திரி படுத்த பிறகு பத்துப் பதில்கள் தோன்றின என்றீர்கள். அந்த ராத்திரியை மீட்டிங்குக்கு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் யோசனையைக் கொடுத்து, "இதை எப்படியாவது தோற்கடி" என்று சொல்லி, எழுந்து நின்று, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, வாயில் வரும்போதுதான் எந்த வாக்கியம் தடுக்குகிறது என்று தெரியும். பிறகு இடம் மாறி, எதிர்த்தரப்பை நீங்கள் பேசுங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும். நான்காவது ஐந்தாவது தடவையில், மீட்டிங்கில் வரும் கேள்வி ஏற்கெனவே கேட்ட கேள்வியாகத்தான் இருக்கும். கேட்காத கேள்வி வந்தால், "இதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை, நாளை மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்பிவிடுங்கள்.

தோற்றாலும் ஒரு சின்ன மெயில் போட்டு வையுங்கள், குற்றம்சாட்டும் தொனி இல்லாமல்: "மாற்ற வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். அதிர்வு இந்த அளவைத் தாண்டினால் மறுபடி பேசலாமா?" நீங்கள் சொன்னதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அந்த மெயில் இருந்திருந்தால், எல்லை தாண்டிய அன்றைக்கே, பேரிங் போவதற்கு முன், இரண்டாவது முறை பேச உங்களுக்கு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

கழற்றிய அந்த பேரிங் இன்னும் ஸ்கிராப்புக்குப் போகவில்லை என்றால் துடைத்து எடுத்து வையுங்கள். அதே மாடலில் வேறு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அந்த சக ஊழியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்