சரியான சொல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' நாவலை மகளோடு சேர்ந்து வாசித்தேன். பசி, போர் எதுவும் இல்லாத ஊர். வேலை, துணை, பிள்ளைகள் எல்லாவற்றையும் மூத்தோர் குழுவே முடிவு செய்கிறது. அங்கேயே வளர்ந்த பன்னிரண்டு வயது ஜோனஸ் மட்டும் எப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான்? பழைய நினைவுகளைத் தரும் கிழவர் வந்ததால்தானே? ஆசிரியர் தன் வசதிக்கு அவனை வளைத்ததாகவே எனக்குப் பட்டது.

க.

அன்புள்ள க,

கிழவர் இல்லையென்றால் ஓடியிருக்க மாட்டான், சரிதான். ஆனால் ஓடக்கூடிய பையனாக அவனை வளர்த்தது அந்த ஊர்.

முதல் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். டிசம்பர் நெருங்குகிறது, ஜோனஸுக்குப் பயமாக இருக்கிறது. உடனே, 'பயம்' சரியான சொல்தானா என்று தன்னையே குடைகிறான். அங்கே சொல் பிசகினால் பிரம்படி. நண்பன் ஆஷர் மூன்று வயதில் 'ஸ்நாக்' கேட்கப்போய் நாக்கு புரண்டு 'ஸ்மாக்', அதாவது அறை, என்று கேட்டுவிடுகிறான். கேட்டது கிடைக்கிறது. கொஞ்ச காலம் பேச்சையே நிறுத்திவிடுகிறான் குழந்தை. பல வருடம் கழித்து விழா மேடையில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. எனக்கு நாவலில் குலைநடுங்கிய இடம் அதுதான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அன்றைய உணர்ச்சிகளை வீட்டில் எல்லோரும் சொல்லியாக வேண்டும், காலையில் கனவுகளை. கண்காணிப்புக்காக வந்த வழக்கம், தனக்குள் உற்றுப் பார்க்க அவனைப் பழக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவன் 'என்மேல் அன்பு உண்டா' என்று பெற்றோரிடம் கேட்கிறான். பொருளற்றுப்போன சொல் அது, சரியாகப் பேசு என்று திருத்துகிறார்கள். பிறகு ஒருநாள், 'விடுவிப்பு' என்று ஊரே சொல்லிவரும் காரியத்தைப் பதிவில் பார்க்கிறான். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்கு அப்பாவே உயிர்போக்கும் ஊசி போடுகிறார், கொஞ்சும் குரலில் விடையும் கொடுக்கிறார். சரியான சொல்லைத் தேடியே வளர்ந்த பையனுக்கு, அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கும் சொல் தெரிந்துவிடுகிறது. ஊர் கற்றுக்கொடுத்ததை ஊரைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவன் அவன்.

லோரி 11 வயதில், போருக்குப் பிந்தைய டோக்கியோவில், அமெரிக்கக் குடும்பங்களுக்கென்றே கட்டிய வேலியிட்ட குடியிருப்பில் இருந்தவர். அங்கிருந்து சைக்கிளில் ஷிபுயா கடைத்தெருவுக்கு நழுவிப்போனதை, 1994-இல் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பரிசு பெற்றபோது பேசினார். ஜோனஸ் கைக்குழந்தை கேப்ரியலோடு தப்புவதும் சைக்கிளில்தான், அப்பாவின் சைக்கிளில்.

உங்கள் புகார் ஓரிடத்தில் செல்லும். அவனுக்கு வெளிர்நிறக் கண்கள், மற்றவர்களுக்குப் புலப்படாத நிறம் ஆப்பிளில் தெரிகிறது. பிறவியிலேயே தனி ஆள் என்று காட்ட அந்த முத்திரை எதற்கு? எனக்கும் உறுத்தியது.

மகள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லையே. கடைசியில் பனிச்சரிவில் இறங்கும்போது ஜோனஸ் காணும் விளக்குகள், அவளுக்கு நிஜமா?