மூன்று பேரில் ஒருவர்தான் படிப்பை முடிக்கிறாராமே?

கேள்வி: வணக்கம் அக்கா. மகளின் ஏ நிலை மதிப்பெண்ணுக்கு இங்குள்ள பல்கலைக்கழகங்களில் உளவியல் கிடைக்கவில்லை. சான் ஹோசேயில் இருக்கும் என் நாத்தனார், "இங்கே சமூகக் கல்லூரியில் இரண்டு வருடம் படிக்கட்டும், அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்கிறார். மகளுக்கு ஆசை. ஆனால் அமெரிக்க அரசாங்கச் சமூகக் கல்லூரிகளில் படிப்பை முடிப்பவர்கள் சராசரியாக 30 விழுக்காடுதான் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டார். "மூன்று பேரில் இரண்டு பேர் முடிக்காத இடத்துக்கு நம் சேமிப்பைக் கொட்டி அனுப்புவதா?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கணவர் படித்த எண் ஏறக்குறைய சரிதான். அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பேசுவது சுலபமாகும். சிங்கப்பூருக்குத் திரும்புமுன் அமெரிக்காவில் இப்படி ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை செய்தேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கைத் தயாரித்து அனுப்பும் அலுவலகம் எங்கள் பக்கத்து அறை.

கல்லூரிகள் தங்கள் தேர்ச்சி விகிதத்தை வெளியிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1990இல் சட்டம் வந்தது. அதன்படி, முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் ஒரு குழுவாக எடுத்துக்கொள்வார்கள். படிப்புக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலத்துக்குள், அதாவது இரண்டாண்டுப் படிப்பென்றால் மூன்றாண்டுக்குள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்ப்பார்கள். அந்த விழுக்காட்டைத்தான் உங்கள் கணவர் படித்திருக்கிறார். சமூகக் கல்லூரிகளில் பெரும்பாலோர் பகுதிநேர மாணவர்கள். பகலில் வேலை பார்த்து மாலையில் வரும் தாய்மார்கள், பட்டறையில் வேலை செய்பவர்கள், வேறு கல்லூரியில் பாதி படித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் அந்தக் குழுவிலேயே இல்லை. அவர்களையும் சேர்த்து எட்டு ஆண்டுவரை பார்க்கும் இன்னொரு கணக்கைப் பின்னாளில் கொண்டுவந்தார்கள். ஆனாலும் எல்லார் வாயிலும் வருவது பழைய எண்தான்.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் பொருந்துவது இனிமேல்தான். இரண்டாண்டுப் பட்டத்தை வாங்காமலேயே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர் 'முடித்தவர்' பட்டியலில் வரமாட்டார். அவர் 'மாறிச் சென்றவர்' என்ற தனி வரிசையில் போவார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு அந்தப் பட்டம் கட்டாயமில்லை, தேவையான பாடங்களை முடித்திருந்தால் போதும். ஆக, மகள் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்து, மூன்றாம் ஆண்டு டேவிஸிலோ இர்வைனிலோ போய் உட்கார்ந்தாலும், அவள் விட்டுவந்த கல்லூரியின் தேர்ச்சி விகிதம் அவளால் ஒரு புள்ளிகூட ஏறாமல் போகலாம்! அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் கல்லூரியின் பெயரைத் தட்டினால், ஓராண்டு கழித்தும் அங்கேயே படிப்பவர்கள் எத்தனை விழுக்காடு, முடித்தவர்கள் எத்தனை, மாறிச் சென்றவர்கள் எத்தனை என்று பார்க்கலாம். நாட்டுச் சராசரியை விட்டுவிட்டு, நாத்தனார் சொல்லும் கல்லூரியின் எண்களை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு, "எல்லாம் கணக்குக் குளறுபடி, பயப்பட ஒன்றுமில்லை" என்று கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. அரசாங்கச் சமூகக் கல்லூரிகளில் முழுநேரமாகச் சேர்கிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர்தான் அடுத்த ஆண்டும் அதே கல்லூரியில் இருக்கிறார்கள். மற்றவர்களில் சிலர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார்கள். பலர் கையில் பட்டமும் இல்லாமல், சிலர் கடனோடு, படிப்பையே விட்டிருப்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தவர்கள்.

அவர்களுக்கு மூளை போதாமல் போகவில்லை என்பதை அடித்துச் சொல்வேன். கிடங்கில் இரவு வேலை பார்த்த ஒரு பையன் எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கினான். சின்னக் கட்டண பாக்கி ஒன்றுக்காகக் கல்லூரி அவன் கணக்கை முடக்கியது. அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியவில்லை. பணம் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. காரில் பேட்டரி செத்துப்போனதால் இரண்டு வாரம் வகுப்புக்கு வராமல், அப்புறம் வரக் கூச்சப்பட்டு நின்ற பெண் இருந்தாள். கணிதத்தில் அடிப்படை வகுப்பு, அதற்கு முன் இன்னொரு அடிப்படை வகுப்பு என்று பள்ளிப் பாடத்தையே பணம் கட்டிப் படித்துச் சலித்துப் போனவர்கள் ஏராளம். இந்த நிலையை மாற்றத்தான் கலிஃபோர்னியாவில் 2017இல் ஏபி 705 என்ற சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, பல்கலைக்கழகத்துக்குக் கணக்கில் வரும் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் ஓராண்டுக்குள் முடிக்கும்படி மாணவரைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

உதவி கிடைத்தால் இதே மாணவர்கள் முடிப்பார்கள் என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமூகக் கல்லூரிகளில் அசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பவை மாணவருக்கு நிபந்தனை. பதிலுக்குப் போக்குவரத்து அட்டை, பாடப்புத்தக உதவி, உதவித்தொகைக்குப் போக மிஞ்சும் கட்டணத்தில் விலக்கு. ஆலோசகருக்கும் கைக்கு அடங்கிய மாணவர்கள்தான். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டில் முடித்தார்கள், இல்லாதவர்களில் 22. ஒஹாயோவில் மூன்று கல்லூரிகள் அதே முறையைப் பின்பற்றின. அங்கே 35க்கு 19. இந்த முடிவுகள் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ் காசும் ஒரு மனிதரின் அக்கறையும் என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

அதனால் கல்லூரிக்கு மின்னஞ்சல் போடும்போது விகிதத்தோடு நிறுத்தாதீர்கள். ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்? வெளிநாட்டு மாணவருக்குத் தனி ஆலோசகர் உண்டா? பருவத்தின் நடுவில் ஒரு மாணவி வகுப்புக்கு வராவிட்டால் யார், எத்தனை நாளில் தேடுவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பூசி மழுப்பும் கல்லூரியை நான் தள்ளிவைப்பேன்.

மாணவர் விசாவில் போகிறவர் பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) படித்தாக வேண்டும். பாடம் கடினம் என்று அனுமதியில்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசாவே போய்விடும். பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம், அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்ட முடியாது. உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு நீங்கள் கட்டுவீர்கள். நாத்தனார் சொல்லும் தொகை யாருக்கானது என்று முதலில் கேளுங்கள். அவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு எப்படிப் போவாள் என்றும் கேளுங்கள், அங்கே எம்ஆர்டி கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் சமூகக் கல்லூரி மாணவருக்கு இடம் உறுதி என்று எழுதித் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ தருவதில்லை. பெர்க்லி கனவை மட்டும் நம்பி மகளை அனுப்பாதீர்கள். ஆறில் ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சி என்றால், நாலு வருடச் செலவையும் தாங்க முடியும் என்றால், அனுப்புங்கள். கடைசி இரண்டு வருடம்தான் செலவு அதிகம் என்பதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மா, மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறான். இரண்டு பாடத்தில் தவறிவிட்டான். மாலையில் உணவகத்தில் பகுதிநேர வேலை. "படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக வேலைக்குப் போகிறேன்" என்கிறான். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார்.
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அப்பாவை முதலில் பேசச் சொல்லுங்கள். இந்த வயதுப் பையன்கள் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லாமல் அப்பாவிடம் சொல்வதுண்டு. "ஏன் தவறினாய்" என்று தொடங்காமல், "வகுப்புக்குப் போவது எந்த வாரத்திலிருந்து கஷ்டமாக இருந்தது" என்று கேளுங்கள். பெரும்பாலும் வேலை நேரம் கூடிய வாரமாகத்தான் அது இருக்கும். வீட்டுச் செலவுக்காக உழைக்கிறானா, கைச்செலவுக்கா, அல்லது வகுப்பில் அவமானப்பட்டதால் வேலையில் ஒளிந்துகொள்கிறானா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

பணம்தான் காரணமென்றால் கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் உதவிநிதி பற்றிக் கேளுங்கள், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் கேளுங்கள். படிப்பே பிடிக்கவில்லை என்றால் வகுப்பு ஆலோசகரிடம் துறை மாற முடியுமா என்று விசாரிக்கலாம். களைத்துப் போயிருக்கிறான் என்றால் ஒரு பருவம் விடுப்பு எடுக்க வழி உண்டு. விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். விலகிய பிறகு திரும்ப வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். படிப்புக்காகத் தள்ளிவைத்த தேசிய சேவையும் உடனே முன்னுக்கு வரும். ஆகவே அவன் நினைக்கிற முழுநேர உணவக வேலை நெடுநாள் நீடிக்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அத்தை மகன் என்டியூவில் படிப்பதைப் பற்றிக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

கேள்வி: எனக்கு 28 வயது. ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைடெக் சான்றிதழ்ப் படிப்பை முடித்தேன். அடுத்த படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டேன். இனிமேல் பட்டயம் படிக்க முடியுமா?
— சுவா சூ காங் வாசகர்

பதில்: முடியும், தம்பி. வேலையை விடாமல் படிக்க ஐடிஇயே வேலை-படிப்புப் பட்டயம் நடத்துகிறது. முதலாளி சம்மதிக்க வேண்டும், அதனால் மேலாளரிடம் இந்த மாதமே பேசுங்கள். 30 வயதுக்கு மேற்படாத குடிமக்களான ஐடிஇ பட்டதாரிகளுக்கு, 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த உதவி ஒன்று இருக்கிறது. பட்டயப் படிப்பில் சேரும்போது 5,000 வெள்ளி கல்விக் கணக்கில் போடுவார்கள், முடித்ததும் 10,000 வெள்ளி மத்திய சேமநிதிக் கணக்கில். சென்றமுறை எதனால் விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேலை நேரம்தான் காரணம் என்றால், படிப்பு நாட்களில் எந்த ஷிப்ட் கிடைக்கும் என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.