விருதுப் பட்டியலில் மகள் பெயர் வரப் பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஒரு சின்ன டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கூடைப்பந்து அணியில் கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரி). சீசனுக்கு முன் வந்த 'ஆண்டின் சிறந்த வீராங்கனை' விருதின் வாட்ச் லிஸ்ட்டில் (கவனிக்க வேண்டியவர்கள் பட்டியல்) அவள் பெயர் இல்லை. 2,800 டாலர் நாமினேஷன் கட்டணம் கட்டினால் அடுத்த பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று ஒரு கன்சல்டன்ட் பில் அனுப்பியிருக்கிறார். மகள் வேண்டாம் என்கிறாள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். மேலே பந்துப் படம் போட்ட ஒரு முத்திரை, அதன் கீழே தடித்த எழுத்தில் 'தேசிய சிறந்த வீராங்கனை – தகுதிப் பரிசீலனை'. எந்த விருது என்று பில்லில் ஓர் இடத்திலும் இல்லை. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் கல்லூரி கூடைப்பந்தில் இந்தப் பெயரில் ஒரே விருது கிடையாது. 1978-இல் வந்த வேட் டிராஃபிதான் இருப்பதில் பழையது. 1983 முதல் நெய்ஸ்மித், 1995 முதல் ஏபி செய்தி நிறுவனத்தின் விருது, 2004 முதல் பெண்களுக்கும் ஜான் வுடன் விருது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு, தனி வாக்கு. 2021-இல் பெய்ஜ் பெக்கர்ஸ் என்ற வீராங்கனை நெய்ஸ்மித், வுடன், ஏபி மூன்றையும் வாங்கினார். வேட் டிராஃபி பேலர் பல்கலைக்கழகத்தின் நலிசா ஸ்மித்துக்குப் போனது. இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். விருது நடத்துகிறவர்கள் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் 'இதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை குடும்பங்கள் தப்பிக்கும்!

வாட்ச் லிஸ்ட்டில் பெயர் இல்லாததற்குக் கவலைப்படவே வேண்டாம். வுடன் விருதின் முதல் பட்டியலில் 50 பேர். பந்தைக் கையில் எடுக்கும் முன்பே, போன வருட ஆட்டத்தையும் அணியின் பெயரையும் வைத்துப் போடுவது அது. அதில் இல்லாதவர்கள் சீசன் நடுவில் வரும் 25 பேர் பட்டியலிலோ அதற்குப் பின் வருபவற்றிலோ சேர முடியும் என்பது அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. படிப்பில் குறைந்தது 2.0 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும். அதற்குச் சான்று தருவது கல்லூரி, கன்சல்டன்ட் இல்லை.

பில்லின் இரண்டாவது வரி 'மார்ச் பேக்கேஜ் – 900 டாலர்'. இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏபி விருதுக்கான வாக்குகள் மார்ச்சில் என்சிஏஏ (தேசியக் கல்லூரிகள்) போட்டி தொடங்கும் முன்பே போட்டு முடிந்துவிடும். 2025-இல் ஜூஜு வாட்கின்ஸ் என்ற வீராங்கனை அந்தப் போட்டியின் இரண்டாம் சுற்றிலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். ஆனாலும் ஏபி விருது அவருக்குத்தான். அப்படியிருக்க, மார்ச்சில் 900 டாலர் வாங்கி இவர் யாரிடம் போய்ப் பேசுவார்?

வெளியாட்கள் வாக்குப் போட ஓர் இடம் மட்டும் உண்டு. இதைக் காட்டித்தான் அடுத்த வலையை வீசுவார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். நெய்ஸ்மித் விருதில் கடைசி நால்வருக்கு ரசிகர்கள் ஆன்லைனில் வாக்களிக்கலாம். அதற்கு மொத்த முடிவில் 5 சதவீத எடை. அதாவது ரசிகர் வாக்கு அத்தனையும் ஒரே பெண்ணுக்கு விழுந்தாலும் மீதி 95 சதவீதம் குழுவின் கையில். இன்னொன்று, அந்த நால்வரைப் பொறுக்குவது குழுதான்; அதுவரை ரசிகர் வாக்கு என்ற பேச்சே இல்லை. ஆக, 'பத்தாயிரம் வாக்கு வாங்கித் தருகிறேன்' என்று எவராவது வந்தால், உங்கள் மகள் இன்னும் நுழையாத அறைக்கு நாற்காலி விற்கிறார் என்று அர்த்தம்.

சரி, யாரிடம்தான் போவது? கல்லூரியிலேயே விளையாட்டுத் தகவல் அலுவலகம் இருக்கும். பத்திரிகைகளுக்குக் குறிப்பு அனுப்புவதும் விருதுகளுக்குப் பெயரை முன்வைப்பதும் அவர்கள் வேலை. அதற்குக் கல்லூரி சம்பளம் கொடுக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டையும் மறுநாளே மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கொடுத்த பாஸில் கூடை விழுந்திருக்கும்; கணினியில் சட்டை எண்ணை அடிப்பவர் 12-க்குப் பதில் 21 என்று தட்டியிருப்பார்; அசிஸ்ட் இன்னொரு பெண் கணக்கில் ஏறிவிடும். ஆட்டத்துக்கு ஒன்று இப்படிப் போனால் சீசன் முடிவில் சராசரியே மாறிவிடும். கோச் வழியாக உடனே கேட்டால் வீடியோவைப் பார்த்துத் திருத்துவார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் யாரும் தேடி எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

சின்னக் கல்லூரி என்பது குறைதான், மறைக்க மாட்டேன். வாக்களிப்பவர்கள் டிவியில் அடிக்கடி வரும் அணிகளைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். வருடா வருடம் இதே கதை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். ஆனாலும் 2001-இல் வேட் டிராஃபி வாங்கிய ஜாக்கி ஸ்டைல்ஸ், டிவியில் அதிகம் வராத சவுத்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட் அணிக்காரர். அந்த ஒரே சீசனில் 1,062 பாயின்ட் எடுத்தார், பார்க்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் மகளுக்கு முதல் படி அவளுடைய கான்ஃபரன்ஸின் (அவள் கல்லூரி சேர்ந்து ஆடும் கல்லூரிக் குழு) சிறந்த வீராங்கனை விருது. பெரும்பாலான இடங்களில் அதற்கு வாக்களிப்பவர்கள், அவளை எதிர்த்து அணியை இறக்கிய கோச்சுகள். அவர்களுக்கு அவளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பில்லின் பிரதி ஒன்றைக் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பில்லின் அடியில் மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும், அவள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி, அவளுடைய கிரெடிட்டை இன்றே முடக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.