விடுதலை பெற்ற ரோமானிய அடிமை எஜமானரை விட்டுப் போக முடியுமா?

கேள்வி: பேரரசர் கிளாடியஸ் காலத்தில் (கி.பி. 41–54) நடக்கும் வரலாற்று நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். 25 வயதில் ரோமில் விடுதலை பெறும் என் நாயகன், எஜமானரோடு உறவை முறித்துக்கொண்டு, முசிறிக்குக் கப்பலேறி வணிகனாகிறான். இது நம்பும்படி இருக்குமா?

பதில்: முசிறிக்கு வருவதில் சிக்கல் இல்லை, உறவை முறிப்பதுதான் இடிக்கிறது. ரோமில் விடுதலை பெற்றவனுக்கு முன்னாள் எஜமானர் புரவலராக மாறினாரே தவிர, அவன் வாழ்விலிருந்து விலகிவிடவில்லை. அவன் அவருடைய குடும்பப் பெயரையே சூடிக்கொண்டான். ரோமானிய அரசியல்வாதி சிசரோவின் செயலாளர் டைரோ விடுதலைக்குப் பின் மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனது அப்படித்தான். விடுதலையின்போது சத்தியம் செய்து ஒப்புக்கொண்ட நாட்களுக்கு அவருக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். அதிகாரியின் அனுமதியின்றி அவர் மீது வழக்குத் தொடுக்கவும் இயலாது. அதிலும் தாங்கள் தேர்ந்தெடுத்த காலம் கடுமையானது: நன்றி மறந்ததாகப் புரவலர்கள் புகார் செய்தவர்களை கிளாடியஸ் மீண்டும் அடிமைகளாக்கினார்.

அடுத்தது வயது. கி.பி. 4ஆம் ஆண்டின் ஏலியா சென்டியா சட்டப்படி, 30 வயது நிரம்பாத அடிமையை விடுவித்தால், தக்க காரணத்தை ஒரு குழுவின் முன் நிறுவினாலொழிய, அவனுக்கு முழுக் குடியுரிமை கிடையாது. அத்தகையோர் 'ஜூனிய லத்தீனர்' எனப்பட்டனர். சுதந்திரமாக வாழலாம், சம்பாதிக்கலாம், ஆனால் உயில் எழுத முடியாது, இறந்ததும் சொத்து முழுவதும் புரவலருக்கே போய்விடும். நாயகனின் வயதை உயர்த்திவிடலாம்தான். நானாக இருந்தால் 25ஐ அப்படியே விட்டுவைப்பேன். ஏனெனில், 10,000 மோடியஸ் (ஏறத்தாழ 65 டன்) தானியம் ஏற்றக்கூடிய கப்பலைக் கட்டி, ஆறு ஆண்டுகள் ரோமுக்குத் தானியம் கொண்டுவரும் ஜூனிய லத்தீனருக்குக் குடியுரிமை தருவதாக இதே கிளாடியஸ் அறிவித்திருந்தார். கப்பலேற ஆசைப்படும் ஒருவனுக்கு இதைவிட நல்ல கதைமுடிச்சு கிடைப்பது அரிது.

கப்பலுக்குப் பணம்? பெரும்பாலும் புரவலரின் முதல்தான். விடுதலை பெற்ற பலர் அவருடைய முகவர்களாகவே தொழில் செய்தனர். ஆகவே நாயகன் உறவை முறிக்காமல், புரவலரின் சரக்கோடும் கணக்கேட்டோடும் முசிறியில் இறங்கட்டும். கடல் தரும் தூரமே அவனுக்குப் போதிய சுதந்திரம்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவர் விடுவித்த ஒருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்கையில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் கரையேறினான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஆறு மாதத்தில் அவன் அவ்வூர் மொழியைக் கற்றுக்கொண்டு அரசனின் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். அவனிடமிருந்த ரோமானிய வெள்ளிக் காசுகள், வெவ்வேறு உருவங்களைத் தாங்கியிருந்தும் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு வியந்த அரசன், நான்கு தூதர்களை ரோமுக்கு அனுப்பினான். இவ்வளவும் சொன்ன பிளினி, அந்த மனிதனின் பெயரைச் சொல்லவில்லை. அவனை விடுவித்தவரின் பெயரை மட்டுமே சொல்லியிருக்கிறார்.