உட்காருங்கம்மா

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி மூன்றும் உண்டு. போன மாதம் பாத்ரூமில் விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. தாய்ச்சி என்ற, மெதுவாக அசையும் சீனப் பயிற்சியைப் பழகினால் நல்லது என்று நண்பர் சொல்கிறார். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தபோது பழகியதாக எழுதியிருந்தீர்கள். அதன் பலன்களை வரிசையாகச் சொல்ல முடியுமா? யூடியூப் பார்த்துப் பழகலாமா? காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் சீனர்களுக்குக் கொடுத்ததுதானே இது? இப்போதைக்கு அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் போதிதர்மர். அவரை விட்டுவிடுங்கள், பாவம். தாய்ச்சியின் தடம் தெளிவாகக் கிடைப்பது ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில், 17ஆம் நூற்றாண்டில், சென் குடும்பத்தாரிடம். அங்கே போய்க் கற்றுக்கொண்ட யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் அதை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவர் பேரன் யாங் செங்ஃபு மெதுவாக, சீராக ஆக்கிய வகையைத்தான் இன்று பூங்காக்களில் அதிகம் பார்க்கிறோம். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. சீனர்களின் புராணக் கதையில்கூட வூடாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங்தான் வருகிறார். போதிதர்மர் கதை ஷாவொலின் கோயிலோடு சரி. பக்கத்து வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டே 'அரிசி எங்கள் வயலில் விளைந்ததாக்கும்' என்று சொல்லும் இந்தப் பழக்கம் நமக்கு எப்போது வந்தது?

அடுத்து, பலன்களின் வரிசை. லேகிய டப்பாவுக்கு உள்ளே மடித்து வைத்திருக்கும் நோட்டீஸ் மாதிரி கேட்கிறீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு 2016இல் அமெரிக்காவில் 204 பேரை வைத்துத் தாய்ச்சியைப் பிசியோதெரபியோடு ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு வலி குறைந்தது. பிரஷர் எல்லையைத் தொட்டிருந்த 342 பேரைச் சீனாவில் ஓராண்டு கவனித்து 2024இல் வெளியிட்டார்கள். தாய்ச்சி பழகியவர்களுக்கு மேல் அளவு சுமார் 7 புள்ளி இறங்கியது, வேகநடை, சைக்கிள் வகையறாக்களைவிடக் கொஞ்சம் கூடுதல். சரி, நல்லதுதான்.

ஆனால் உங்கள் அம்மா விழுந்திருக்கிறார். நீங்கள் கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான். ஓரகன் மாநிலத்தில் 70 வயது தாண்டிய, ஏற்கெனவே விழுந்த அல்லது விழக்கூடிய 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சிக் குழுவினர் விழுவது 58 சதவீதம் குறைவு. வெளிவந்தது 2018இல்.

எப்படி என்பதை நான் சிங்கப்பூரின் தோ பாயோவில் பார்த்தேன். தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அடுக்குமாடிக்குக் கீழே சுவரில்லாத தளம், வாய்ட் டெக் என்பார்கள். காலை ஆறரைக்கு அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் சீனப் பாட்டிகள். ஒரு பாட்டிக்கு எண்பது இருக்கும், கருப்புத் துணிச் செருப்பு. அவர் திரும்புவதைப் பாருங்கள்: முதலில் பாரம் முழுவதையும் பின்காலுக்கு இறக்குகிறார். முன்கால் காலியாகிறது. காலியான பிறகுதான் அதன் குதிகாலை ஊன்றி விரல்களை உள்ளே திருப்புகிறார். திருப்பிய காலில் பாரத்தை மெல்ல ஊற்றுகிறார், குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மாற்றுவது போல. மற்ற கால் அப்போதுதான் தரையை விட்டு எழுகிறது. பூனை நடை என்று அவர்களே சொல்கிறார்கள்.

நானும் பின்வரிசையில் நின்றேன். பத்து நிமிஷத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. வேகமாக நடக்கும்போது அந்த வேகமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மெதுவாகச் செய்தால் ஒற்றைக்கால்தான் மொத்த உடம்பையும் தாங்கியாக வேண்டும், ஏமாற்ற வழியில்லை. பாட்டி என் முழங்காலை ஒரு விரலால் தட்டினார், அது கால் விரலைத் தாண்டி முன்னால் போயிருந்தது. "ஸ்லோ லா, அங்கிள்." எனக்கு அப்போது 58 வயது.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் என் அம்மா எப்படி விழுந்தாள் என்று புரிந்தது.

அப்பா போனபின் அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் வைத்துக்கொண்டேன். ஊரில் விடிந்தால் வாசல் தெளித்துக் கோலம், கிணற்றில் நாலு குடம், அரிவாள்மனை முன்னால் குத்துக்கால், வடகம் காயவைக்க மொட்டைமாடி. எங்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டாலே நான் கத்துவேன். "நீ உட்காரும்மா, இத்தனை வருஷம் உழைத்தது போதும்." கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கிப்போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். இரண்டே வருஷத்தில் அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். ஒருநாள் ராத்திரி விளக்கைப் போடத் திரும்பினாள். தரையில் ஈரம் இல்லை, எதிலும் இடறவில்லை. திரும்பினாள், அவ்வளவுதான். இடுப்பெலும்பு. எட்டு மாதம் கட்டிலில் இருந்தாள்.

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவது. பஸ்ஸில் இடம் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? வீட்டில் நாள் முழுக்க இடம் கொடுத்துக்கொண்டே இருந்தால் காலுக்கு நிற்கும் வித்தை மறந்துபோகும். விழுந்தவரை உட்காரவைப்பது அடுத்த முறை விழுவதற்கான ஏற்பாடு. நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். கோபப்படாதீர்கள், நான் செய்ததும் அதேதான்.

கோலம் போடும்போது குனிந்து, பக்கவாட்டில் பாரம் மாற்றி, பின்னால் காலை எடுத்துவைத்து... வேண்டாம், இதை நீட்டினால் நானும் போதிதர்மர் கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன்.

தாய்ச்சி பழக விருப்பமா என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதம் முழுக்க அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. யூடியூப் போதாது, முழங்காலைத் தட்ட ஆள் வேண்டும். பக்கத்தில் ஆசிரியர் கிடைக்காவிட்டால் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் 'விழாமல் இருக்கப் பயிற்சி' என்றே கேளுங்கள். அதற்கு முன்னால் விழுந்த காரணத்தை டாக்டர் பார்க்கட்டும், பிரஷர் மாத்திரையாலும் தலைசுற்றல் வரும். பாத்ரூமில் கைப்பிடி இந்த வாரமே போடுங்கள். வீட்டில் பழகும்போது சமையல் மேடையோரம் நிற்கச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ள வசதி. நீங்களும் கூட நின்று செய்யுங்கள், யார் கால் முதலில் நடுங்குகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

நாளைக்குக் காலையில் பால் வாங்க அம்மாவே போய்வரட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் போங்கள்.